தீட்டு வேறு, கிருமி வேறு: ஈசல் பொரிக்கு ஏன் ஒரு சோதனை இல்லை?

கோடை மழை இரண்டு நாள் ஊறப் பெய்து, மூன்றாம் நாள் புழுக்கமாக இருந்தால் அன்று மாலை புற்று திறக்கும். கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கிராமங்களில் இது பிள்ளைகளுக்கும் தெரிந்த கணக்கு. புற்றைச் சுற்றித் தழையால் மூடாக்குப் போட்டு, உள்ளே விளக்கு வைத்து, பக்கத்தில் குழி வெட்டிப் பானையைப் புதைப்பார்கள். வெளிச்சத்துக்கு வரும் ஈசல் பானைக்குள் விழும். முறத்தில் புடைத்து இறகை நீக்கி, சட்டியில் வறுத்து, வறுத்த அரிசி, பொட்டுக்கடலை, உப்பு, மிளகாய்த்தூள் சேர்த்தால் ஈசல் பொரி. வீட்டுக்குப் போக மீந்தது வாரச்சந்தையின் ஓரத்துக்கு வரும்.

இருளர் பிடிப்பார்கள், சேரியில் வறுப்பார்கள், ஊர்த்தெருவிலும் வாங்கித் தின்பார்கள். தின்பவர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். ஆனால் ‘ஈசல் தின்கிறவன், எலி தின்கிறவன்’ என்ற ஏச்சு மட்டும் குறிப்பிட்ட தெருக்களுக்கே வந்து சேரும். பள்ளிக்கூடத்தில் சோற்று டப்பாவை மூடி போட்டு மறைத்துச் சாப்பிடும் பிள்ளைகள் எந்தத் தெருப் பிள்ளைகள் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

இந்த ஏச்சுக்குப் பின்னால் எப்போதும் ஒரு கேள்வி ஒட்டிக்கொண்டிருக்கும்: “அதெல்லாம் சுத்தமா?” ஒன்று போலத் தெரிந்தாலும் இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. முதலாவது தீட்டைப் பற்றியது. அதற்கு நாம் பதில் சொல்லக் கடமைப்படவில்லை. இரண்டாவது கிருமியைப் பற்றியது. இதற்குப் பதில் வேண்டும், நமக்காகவே வேண்டும். முதல் கேள்வியின் மீதுள்ள கோபத்தில் இரண்டாவதையும் நாம் தள்ளிவிடுகிறோம். முதல் கேள்வியிலேயே அருவருப்பு தீர்ந்துபோவதால் அரசும் இரண்டாவதற்கு வருவதில்லை. நடுவில் ஈசல் பொரி சோதிக்கப்படாமலே விற்கிறது.

தீட்டுக்கும் கிருமிக்கும் சம்பந்தமில்லை என்பதற்கு 1927 மார்ச்சில் மகாடில் நடந்ததைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். அம்பேத்கரும் அவரோடு சென்றவர்களும் சவதார் குளத்தில் தண்ணீர் குடித்தார்கள். குளம் தீட்டுப்பட்டுவிட்டது என்று சாதி இந்துக்கள் மாட்டுச் சாணமும் கோமியமும் பாலும் தயிரும் கலந்து 108 குடங்கள் ஊற்றிச் ‘சுத்தம்’ செய்தார்கள். மனிதர்கள் கையால் அள்ளிக் குடித்த தண்ணீர் அசுத்தமாம், சாணம் கரைத்த தண்ணீர் சுத்தமாம். அந்தக் குளத்து நீரை அன்று ஒரு நுண்ணுயிரியல் சோதனைக்கூடத்துக்கு அனுப்பியிருந்தால் முடிவு எப்படி வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதே மகாட் மாநாட்டில் அம்பேத்கர், செத்த மாட்டின் இறைச்சியைத் தின்பதை விட்டுவிடுங்கள் என்றும் சொன்னார். தன்மானத்துக்காகச் சொன்னது அது. நோயில் விழுந்து செத்த மாட்டின் கறி உடலுக்கும் ஆபத்து என்பதால் கிருமிக் கணக்கிலும் அது சரியான சொல்தான்.

ஏறத்தாழ நூறாண்டு கழிந்தும் குழப்பம் தீரவில்லை. 2023 செப்டம்பரில் தூத்துக்குடி மாவட்டம் உசிலம்பட்டியில், பட்டியலினப் பெண் சமைத்தார் என்பதற்காகப் பள்ளிப் பிள்ளைகள் காலை உணவைத் தொடாமல் இருந்த செய்தியை எல்லோரும் படித்தோம். அந்த உணவில் எந்தக் கிருமியையும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. தேடவும் இல்லை.

ஆகவே கிருமியை நாமே தேடுவோம்.

சட்டிக்குள் என்ன இருக்கிறது?

ஆட்டையும் கோழியையும் குடலை எடுத்து, கழுவித்தான் சமைக்கிறோம். போட்டி, குடல் சமைப்பவர்கள் அதைச் சுண்ணாம்பும் மஞ்சளும் போட்டு எத்தனை தண்ணீர் அலசுகிறார்கள் என்று வீட்டுப் பெண்களைக் கேட்டால் தெரியும். ஈசலுக்கோ வெட்டுக்கிளிக்கோ அது முடியாது. குடலோடு முழுசாகத் தின்கிறோம். குடலில் உள்ள பாக்டீரியாவும் கூடவே வரும். ஈசல் மண்ணுக்குள் வளர்ந்த உயிர் என்பதால் மண்ணில் வாழும் பாக்டீரியாக்களும் ஒட்டியிருக்கும்.

இவற்றை இரண்டு வகையாகப் பிரித்துக்கொண்டால் விஷயம் புரியும். ஒரு வகை சூட்டுக்குச் சாகும். ஈ. கோலை, சால்மொனெல்லா போன்றவை இந்த வகை. வயிற்றுப்போக்கும் டைபாய்டும் தருபவை. இன்னொரு வகை, சாதகமில்லாத சூழல் வந்தால் விதை போலக் கெட்டியான ஒரு உறைக்குள் சுருண்டுகொள்ளும். இதை வித்து என்பார்கள். கொதிநீரிலும் வித்து சாகாது. சமைத்த உணவு ஈரத்தோடும் வெதுவெதுப்போடும் பல மணி நேரம் கிடந்தால் வித்து முளைத்துப் பெருகும். ஆறிப்போன சோற்றை மறுநாள் தாளித்துத் தின்று வாந்தி எடுப்பவர்களைப் பார்த்திருப்போம். பல நேரம் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வேலை அது.

நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உண்ணும் பூச்சிகளை இப்படியே சோதித்து 2012ல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டவை புழுவும் சில்வண்டு வகைகளும். ஈசல் அதில் இல்லை. என்றாலும் நமக்கு வேண்டிய செய்தி மூன்று அதில் இருக்கிறது. ஐந்து நிமிடம் கொதிக்க வைத்தால் முதல் வகைக் கிருமி ஒழிந்துவிடுகிறது. கொதிக்க வைக்காமல் வெறுமே வறுத்தால் முழுக்க ஒழிவதில்லை. வித்துகளோ இரண்டுக்கும் தப்பிவிடுகின்றன.

நம் பக்கத்தில் ஈசலை நேரே சட்டியில் போட்டு வறுப்பதுதான் பெரும்பாலும் வழக்கம். சட்டியில் அடியில் கிடப்பது கருகும், மேலே கிடப்பது வெதும்பும். இறகு போனதும், வாசனை வந்ததும் இறக்கிவிடுவோம். வறுப்பதற்கு முன்னால் கொதிக்கும் உப்பு நீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுத்து, வடித்து, பிறகு வறுத்தால் கூடுதலாக ஒரு விறகு செலவாகும், அவ்வளவே. பிறகு அது கையில் நொறுங்கும்வரை காய வேண்டும். ஈரம் இல்லாத இடத்தில் வித்து முளைக்காது, பூசணமும் பிடிக்காது.

இங்கேதான் ஒரு சங்கடம். ஈசல் கிடைப்பதே மழைக்காலத்தில். எது நன்றாகக் காய வேண்டுமோ அது காற்றே ஈரமாக இருக்கும் நாட்களில்தான் வருகிறது. வாசலில் யூரியா சாக்கை விரித்துக் காயப் போடுவதும், மழை தூறினால் அரைகுறை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி வைப்பதும் அதனால்தான். உரச் சாக்கு எத்தனை முறை கழுவினாலும் உரச் சாக்குதான். காற்றுப் புகாத பையில் ஈரம் உள்ள பூச்சியை அடைப்பதன் ஆபத்துக்குக் கென்யாவில் ஒரு பாடம் இருக்கிறது. அங்கும் ஈசலை விரும்பித் தின்பார்கள். ஈசல் தின்றவர்களுக்கு வந்த பொட்டுலிச நஞ்சு பற்றி 1980ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் எழுதியது. பிளாஸ்டிக் பையில் நாட்கணக்கில் அடைபட்டுக் கிடந்த ஈசல் அது. பொட்டுலினம் என்ற அந்த மண் பாக்டீரியா காற்று இல்லாத இடத்தில் பெருகி நரம்பைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சைச் சுரக்கும். முதலில் பார்வை இரட்டையாகும், பேச்சு குழறும், பிறகு மூச்சு நிற்கும். ஈசலின் குற்றம் என்று இதைச் சொல்ல முடியாது, பையின் குற்றம்.

சந்தையில் விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. செய்தித்தாளில் பொட்டலம் கட்ட வேண்டாம். அச்சு மை உணவில் இறங்கும் என்பதால் உணவை நாளிதழில் சுற்றக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016லும் 2023லும் எச்சரித்திருக்கிறது. நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்தப் பக்கத்துக்கும் அது பொருந்தும். படித்து முடித்த பிறகும் ஈசல் பொரியைச் சுற்ற இதை எடுக்காதீர்கள்.

இறால், நண்டு தின்றால் உடம்பு தடித்து அரிக்கும் என்பவர்கள் ஈசலிலும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பூச்சிகளும் இறாலும் உறவுக்கார உயிர்கள். ஒவ்வாமை தரும் புரதம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

கபிலர் சொன்ன புளிப்பு

வாகனிங்கன் ஆய்வில் நான்காவதாகவும் ஒன்று இருந்தது. வறுத்த புழு மாவைத் தானிய மாவோடு கரைத்துப் புளிக்க வைத்தபோது, அந்தப் புளிப்பு முதல் வகைக் கிருமியையும் வித்துகளையும் சேர்த்தே அடக்கி வைத்தது. பொட்டுலினம் போன்றவை புளிப்பு ஏறிய இடத்தில் பெருக முடியாது. நம் பழைய சோறு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் கிடந்தும் நம்மைக் காப்பாற்றுவது இதே கணக்கில்தான்.

இதைப் படித்ததும் நமக்குப் புறநானூற்றின் 119ஆம் பாடல் நினைவுக்கு வந்தது. பாரியின் பறம்பு நாட்டைப் பற்றிக் கபிலர் பாடியது. மழைக்குப் பின் செம்புற்றிலிருந்து வரும் ஈசலை மோர் விட்டுப் புளிக்கறியாக ஆக்கும் வழக்கம் அதில் வருகிறது. அகநானூற்றின் 394ஆம் பாடலிலும் ஈசல் உண்டு. அங்கே ஆட்டுத் தயிர், வரகரிசி, ஈசல் மூன்றும் சேர்ந்த புளிச்சோறு. விருந்தாளிக்குப் போடும் சோறு. இரண்டு இடத்திலும் ஈசல் தனியாக வரவில்லை, புளித்த மோரோடோ தயிரோடோதான் வருகிறது. ருசிக்காகத்தான் சேர்த்திருப்பார்கள். பாக்டீரியா என்ற சொல் பிறக்காத காலத்தில் நாக்கு கண்டுபிடித்த பாதுகாப்பு அது என்று நாம் நினைக்கிறோம். கபிலர் உயிர் நீத்ததாகச் சொல்லப்படும் கபிலர் குன்று திருக்கோவிலூரில் தென்பெண்ணை ஆற்றில் இருக்கிறது. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது திருக்கோவிலூரும் இந்த மாவட்டத்தோடு வந்துவிட்டது. ஈசல் பாடிய புலவரைக் கொண்டாடும் மாவட்டத்தில் ஈசல் தின்பவர் ஏச்சு வாங்குகிறார்.

ஈசல் புளிக்கறி இன்று நம் வீடுகளில் அரிதாகிவிட்டது. மோர் ஊற்றிச் சமைக்க மாடு வேண்டுமே. பொரி நின்றுவிட்டது, புளிப்பு போய்விட்டது.

சூட்டுக்குப் போகாதது

இதுவரை சொன்ன கிருமிகளையெல்லாம் அடுப்பும் புளிப்பும் வெயிலும் பார்த்துக்கொள்ளும். அடுப்புக்குக் கட்டுப்படாத ஒன்று உண்டு, அதுதான் பூச்சிமருந்து.

மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைகளை நம்பிக் கரும்பு விளையும் பூமி இது. கரும்புக் கரணையைக் கறையான் அரிக்காமலிருக்கக் குளோர்பைரிபாஸ் போன்ற மருந்துகளை மண்ணில் விடுவது வழக்கம். புற்றுக்குள்ளேயே ஊற்றுவதும் நடக்கிறது. கறையானும் ஈசலும் ஒரே குடும்பம். இறகு முளைத்த கறையான்தான் ஈசல். மருந்து விட்ட வயலோரப் புற்றில் பிடித்த ஈசலை எவ்வளவு வறுத்தாலும், எவ்வளவு கொதிக்க வைத்தாலும் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது. பிடிப்பதில் கை தேர்ந்த பெரியவர்கள் எந்தப் புற்றைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று பார்த்தே சொல்வார்கள். ஆனால் வயல் அவர்களுடையது இல்லை. போன வாரம் அதில் என்ன அடித்தார்கள் என்று வயல்காரர் வந்து சொல்லப்போவதும் இல்லை. நிலம் இல்லாதவர்களின் உணவு, நிலம் உள்ளவர்களின் மருந்துக் கணக்கில் மாட்டிக்கொண்டிருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்போது பிரிக்கப்படாமல் இருந்த விழுப்புரம் மாவட்டத்தில் ஏறத்தாழ 29 சதவீதம் பட்டியலின மக்கள். அவர்களில் பெரும்பாலோர் கூலிக்குப் போகிறவர்கள். வயல் நண்டும் நத்தையும் வெட்டுக்கிளியும் இதே கதைதான்.

எலியும் அப்படியே. புகை போட்டு, வளை தோண்டி உயிரோடு பிடிக்கும் எலி வேறு. விஷம் வைத்துச் செத்துக் கிடக்கும் எலி வேறு. இரண்டாவதை எந்தக் காரணத்துக்காகவும் சட்டிக்குக் கொண்டுபோகக் கூடாது. நன்றாக வெந்த எலிக்கறியில் எலிக்காய்ச்சல் கிருமி மிஞ்சாது. ஆனால் பிடிக்கிறவர், தோலுரிக்கிறவர் கையில் வெட்டுக்காயம் இருந்தால் அது வழியாக உள்ளே போகும். தின்பவரைவிடப் பிடிப்பவருக்குத்தான் ஆபத்து அதிகம். ஒரு ஜோடி ரப்பர் கையுறையை இருளர் குடும்பங்களுக்குக் கொடுக்க எந்தத் திட்டத்திலும் இடம் இருக்கிறதா என்று கேட்டால் அதிகாரிகள் சிரிக்கக்கூடும்.

காய்ச்சினாலும் முகர்ந்தாலும் தெரியாத நஞ்சு என்ன செய்யும் என்பதை இந்த மாவட்டத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. செத்தவர்களில் பெரும்பகுதி கூலித் தொழிலாளிகள், பட்டியலின மக்கள். நாம் அதை இங்கே இழுப்பது ஈசலையும் சாராயத்தையும் ஒன்றாக்க அல்ல. ஏழைகள் வாயில் போடும் எதையும் யாரும் முன்கூட்டியே சோதிப்பதில்லை, பிணம் விழுந்த பிறகே சோதனைக்கூடம் திறக்கிறது என்பதற்காகத்தான். அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. மலையில் சாலை இல்லை, மருத்துவம் எட்டவில்லை என்பதெல்லாம் அதன் பிறகே சமவெளியின் காதில் விழுந்தது.

மலையில் தேன்

கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களுக்குத் தேன் முக்கியமான விளைபொருள். தேனும் பூச்சி தரும் உணவுதான் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். பூச்சி என்றால் முகம் சுளிப்பவர்கள், பூச்சி தின்று கக்கிச் சேர்த்த தேனைக் கடவுளுக்கே படைக்கிறார்கள்.

தேனில் தண்ணீர் குறைவு, இனிப்பு அதிகம். அதனால் கிருமி பெருகாது. வருடக்கணக்கில் கெடாமல் இருப்பது அதனால்தான். தேனடையோடு கிடைக்கும் புழு அப்படி இல்லை. ஈரமும் புரதமும் நிறைந்தது, சீக்கிரம் அழுகும். அன்றே வதக்கித் தின்ன வேண்டியது, மறுநாளுக்கு வைக்கக் கூடாது. மலையில் அப்படி வைப்பவர்களும் குறைவு.

ஆனால் தேன் விஷயத்தில் மலையிலும் சமவெளியிலும் ஒரு பழக்கத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். பிறந்த குழந்தைக்குச் சேனை தொட்டு வைப்பது. சில வீட்டில் சர்க்கரைத் தண்ணீர், சில வீட்டில் கழுதைப்பால், பல வீட்டில் தேன். தேனில் பொட்டுலினத்தின் வித்து இருக்கக்கூடும். பெரியவர்கள் குடலில் அது ஒன்றும் செய்யாமல் வெளியே போய்விடும். ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலில் அதைத் தடுக்கும் நல்ல பாக்டீரியாக்கள் இன்னும் குடியேறியிருக்காது. வித்து முளைத்து உள்ளேயே நஞ்சைச் சுரக்கும். குழந்தைக்கு முதலில் மலம் கட்டும், பால் குடிக்கும் வேகம் குறையும், அழுகை மெலியும், கழுத்து நிற்காமல் துவளும். ஒரு வயதுக்குள் ஒரு சொட்டுத் தேனும் வேண்டாம் என்பது உலகம் முழுக்க மருத்துவர்கள் சொல்வது. அது மலைத் தேன், சுத்தமான தேன், நம் கையால் எடுத்தது என்பதெல்லாம் இங்கே செல்லாது. சுத்தமான தேனிலும் வித்து இருக்கலாம். சேனை வைக்கும் பாட்டியை இதற்காகத் திட்ட வேண்டாம். கருவுற்ற பெண்ணைப் பார்க்க வரும் கிராமச் செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் ஏழாம் எட்டாம் மாதத்திலேயே பாட்டியையும் உட்கார வைத்துச் சொல்லிவிட்டால் போதும். மலையில் ஒரு குழந்தை துவண்டால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசேர்க்கும் நேரத்தை நினைத்தால் இதைத் தள்ளிப்போட முடியாது.

அடுத்தவர் வீட்டுப் பூச்சி

ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டத்து ஆதிவாசிகள் செவ்வெறும்பை அரைத்துத் துவையல் செய்வார்கள். 2024 ஜனவரியில் ‘சிமிலிபால் காய் சட்னி’ என்ற பெயரில் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2021ல் மஞ்சள் மாவுப்புழுவை உணவாக விற்க அனுமதித்தது, பிறகு சில்வண்டையும் சேர்த்துக்கொண்டது. 2024 ஜூலையில் சிங்கப்பூர் 16 வகைப் பூச்சிகளுக்கு அனுமதி தந்தது. பண்ணையில் வளர்த்ததாக இருக்க வேண்டும், காட்டில் பிடித்தது கூடாது, எதைத் தின்று வளர்ந்தது என்று காட்ட வேண்டும் என்பவை அங்கே நிபந்தனைகள். ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண் அமைப்பு 2013ல் பூச்சி உணவைப் பற்றிப் பெரிய அறிக்கை வெளியிட்டது. உலகில் சுமார் 200 கோடிப் பேரின் உணவில் பூச்சி இருக்கிறது என்றது. அதே அமைப்பு 2021ல் பூச்சி உணவின் பாதுகாப்பைப் பற்றித் தனியாகவே ஒரு அறிக்கை வெளியிட்டது. பணக்கார நாடு பூச்சி தின்னத் தொடங்கினால் அதற்கு அட்டவணையும் அளவீடும் வந்துவிடுகின்றன.

இந்தியாவில் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் இருக்கிறது. பாலுக்கு, மீனுக்கு, இறைச்சிக்கு, மசாலாவுக்கு எவ்வளவு கிருமி வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று அதன் விதிகளில் அட்டவணைகள் இருக்கின்றன. அந்த அட்டவணைகளில் ஈசலைக் காணோம். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்தபோது மாநிலம் முழுக்க அதிகாரிகள் கடைகளில் இறங்கினார்கள். ஷவர்மா என்ற உணவே அசுத்தம் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. கறி சரியாக வேகவில்லை, குளிரில் வைக்கவில்லை என்றே பேசினார்கள். அதே நியாயத்தை ஈசலுக்கும் எலிக்கும் மாட்டுக்கறிக்கும் கொடுக்கச் சொல்கிறோம். எது சமைக்கப்பட்டது என்று பார்த்து முகம் சுளிக்க வேண்டாம், எப்படிச் சமைக்கப்பட்டது என்று பார்க்கட்டும்.

இதில் நம் மக்களுக்குள்ளேயே ஒரு பயம் உண்டு, நியாயமான பயம். சோதனை கேட்டால் ரெய்டு வரும். சந்தை ஓரத்தில் கூடை வைத்து விற்கும் பெண்ணின் பொரியைக் கொட்டி அழித்துவிட்டுப் போவார்கள். மீன்காரப் பெண்களுக்கும் தள்ளுவண்டிக்காரர்களுக்கும் நடந்ததைப் பார்த்தவர்கள் நாம். அதனால் முதலில் கேட்க வேண்டியது அபராதம் இல்லாத ஆய்வு. கள்ளக்குறிச்சியில் 2022 ஜனவரி முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நுண்ணுயிரியல் துறை இல்லாத மருத்துவக் கல்லூரி கிடையாது. தஞ்சாவூரில் மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. ஒரு மழைக்காலம் முழுக்கப் பல ஊர்ப் புற்றுகளிலிருந்து ஈசல் எடுத்து, பச்சையாகவும் வறுத்தும் கொதிக்க வைத்து வறுத்தும், பையில் ஒரு வாரம் வைத்தும் எண்ணிப் பார்க்கலாம். சால்மொனெல்லா, பேசில்லஸ் சீரியஸ், பூசண நஞ்சு, பூச்சிமருந்து எச்சம் என்று பார்க்க வேண்டியவை நான்கைந்துதான். முடிவை ஒரே பக்கத் துண்டுப் பிரசுரமாகத் தமிழில் அச்சடித்துச் சந்தையில் கொடுக்கலாம். செலவு தாட்கோவுக்கோ பழங்குடியினர் நலத் துறைக்கோ பெரிதாகத் தெரியாது.

ஆய்வு வரும்வரை சட்டத்தில் இருக்கும் இரண்டு கதவுகளைத் தட்டலாம். சிறு உணவு வியாபாரிகளுக்கு 2011ஆம் ஆண்டு உரிம விதிகளில் எளிய பதிவு உண்டு. வறுத்து விற்கும் ஈசல் பொரியும் சட்டத்தின் பார்வையில் உணவுதான். பதிவுச் சீட்டு இருந்தால் கூடைக்காரப் பெண்ணிடம் பேசும் தொனி கொஞ்சம் மாறும். இன்னொன்று அந்தச் சட்டத்தின் 40ஆவது பிரிவு. வாங்கிய எவரும் கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கேட்கலாம். உணவு சட்டத்துக்கு மாறாக இருந்தால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும்.

ஆகஸ்ட் 15 கிராமசபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர விரும்புகிறவர்கள், ‘எங்கள் ஊராட்சியில் உண்ணப்படும் ஈசல், எலி, நண்டு, தேன் ஆகியவற்றின் பாதுகாப்பை ஆய்வு செய்து வழிகாட்ட வேண்டும்’ என்று ஒரு வரி எழுதினால் போதும். தீர்மான நகலை மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் ஆட்சியருக்கும் அனுப்பி ரசீது வாங்கி வைக்கவும். மாதிரி கொடுக்கும்போது வறுத்த ஈசலையும் வறுக்காததையும் தனித்தனி ஏனத்தில் கொடுங்கள். எந்தப் புற்று, எந்த வயலோரம், பக்கத்தில் என்ன பயிர் என்பதை ஒரு சீட்டில் எழுதி ஒவ்வொன்றிலும் ஒட்டிவிடுங்கள்.